நன்றி சொல்லாத அக்கா

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை அவரைக் கேட்காமலே அவர் பெயரை அச்சில் ஏற்றியவள் நான். அந்தப் பாவம் ஒன்றே போதும். அக்கா என்றே எழுதுகிறேன். சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்கள் உட்பட.

ஐந்து வருடப் பழக்கத்தில் அக்கா யாருக்காவது நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. கையெடுத்துக் கும்பிட்டதில்லை, தலையாட்டிச் சிரித்ததில்லை, ‘நீங்க நல்லா இருக்கணும்’ என்றதில்லை. எங்கள் அலுவலகத்தில் அவருக்கு இதனால் கெட்ட பெயர். எங்கள் பிழைப்பே அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

நான் வேலை பார்த்தது கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவில் இயங்கிய தொண்டு நிறுவனம். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று எங்களுக்குப் படியளந்தது. ஆற்றங்கரைக் குழந்தைகள் படிப்பை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. மேற்கு மாம்பலத்திலிருந்து எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவள் என்பதால் அறிக்கை எழுதுவதும், வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் மொழிபெயர்ப்பதும் என் பொறுப்பு. குடிசைகளுக்கு நடுவே ஓர் அறை கட்டி அதற்குக் கற்றல் மையம் என்று பெயர் வைத்திருந்தார்கள். சாயங்காலம் பிள்ளைகள் அங்கே வந்து படிப்பார்கள்.

அக்காவை நான் முதலில் பார்த்தது அங்கே பள்ளிப் பை கொடுத்த அன்று. பேனர் கட்டி, மேசை போட்டு, புகைப்படக்காரரை வரவழைத்திருந்தோம். பை வாங்கியதும் குழந்தை ‘தேங்க்யூ’ என்று சொல்ல வேண்டும், அம்மா கும்பிட வேண்டும். அதற்கு முந்தைய நாள் ஒத்திகை பார்த்தவள் நான்தான். எல்லோரும் ஒழுங்காகச் செய்தார்கள். அக்கா தன் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையை வாங்கி, ஜிப்பை இழுத்துப் பார்த்தார். பாதியில் சிக்கியது. மேசைமேலேயே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அதுவும் சிக்கியது. மூன்றாவது பை ஒழுங்காகத் திறந்து மூடியது. அதை மகள் முதுகில் மாட்டிவிட்டு நடந்தார். புகைப்படக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார். ஒரு நிமிஷம் நின்று நன்றி சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்.

அக்கா திரும்பினார். மையத்தின் சுவரில் நீலப் பெயிண்டில் ‘கல்வி ஒவ்வொரு குழந்தையின் உரிமை’ என்று எழுதியிருந்தது. அவர் ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டி அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“உரிமைன்னு நீங்கதான எழுதி வெச்சிக்கிறீங்க? அப்புறம் தேங்க்ஸ் சொல்லுன்னா இன்னா அர்த்தம் மிஸ்ஸு?”

நான் குனிந்து பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். திரும்பி வரும்போது காரில் எங்கள் இயக்குநர், அந்தப் பெண்ணுக்குத் திமிர் அதிகம் என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அக்காவுக்கு வேலை தியாகராய நகர்க் கல்யாண மண்டபங்களில். பாத்திரம் கழுவுவார். சாம்பார் காய்ச்சிய அண்டாவைப் படுக்கப் போட்டு, இடுப்பு வரை உள்ளே நுழைந்து தேய்க்க வேண்டும். புடவைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார். சோடாவில் ஊறி ஊறி விரல் நுனிகள் எப்போதும் வெளுத்திருக்கும். கணவர் லோடு வண்டியில் வெளியூர் போகிறவர், வீட்டில் இருக்கும் நாள் குறைவு. முகூர்த்த நாட்களில் அக்காவைப் பிடிக்க முடியாது. ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள். அந்த இரண்டு மாதமும் அதிகாரிகளுக்குக் கெட்ட காலம். சாதிச் சான்றிதழ் கிடைக்காத பிள்ளை, ஆதாரில் பெயர் தப்பான பிள்ளை, பாதியில் நின்றுபோன பிள்ளை என்று யார் பிள்ளையையாவது கையில் பிடித்துக்கொண்டு ஏதாவது ஓர் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருப்பார். சான்றிதழ் கைக்கு வந்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். கொடுத்த குமாஸ்தா முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருப்பார்.

நன்றி வாங்கவும் அவருக்குப் பிடிக்காது. சித்திரை வெயிலில் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனபோது எனக்குத் தலைசுற்றிக் கண் இருட்டியது. அக்கா தன் வீட்டுக்குள் இழுத்துப் போய்ப் படுக்க வைத்து, மோரும் தண்ணீரும் கொடுத்து, ஈரத் துணியால் முகம் துடைத்துவிட்டார். எழுந்ததும் பழக்கதோஷத்தில் ‘ரொம்ப தேங்க்ஸ்க்கா’ என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்ததற்கா, கொடுக்காமல் விட்டிருந்தால்தான் கேட்க வேண்டும், மனுஷியா நீ என்று கேட்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். நன்றி சொல்ல வாயைத் திறக்கவில்லை.

சின்னவளுக்குத் தனியார் பள்ளி ஒன்றில் இலவச ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தது. சட்டப்படி கிடைத்த இடம். பள்ளிக்கு அரசாங்கம் கட்டணம் கட்டுகிறது. இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் அந்தக் குழந்தை, “அம்மா, எம் பேரு ஃப்ரீ சீட்டா?” என்று கேட்டிருக்கிறது. வகுப்பில் அவளையும் இன்னும் நாலு பிள்ளைகளையும் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, ‘ஃப்ரீ சீட்டெல்லாம் எழுந்திரு’, ‘ஃப்ரீ சீட்டெல்லாம் நோட்டை எடு’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தாளாளர் ஒரு வயதான அம்மாள், பட்டுப் புடவை, மேசைமேல் பிள்ளையார். பொறுமையாகத்தான் பேசினார். இந்த மாதிரிப் பள்ளியில் உங்கள் பெண் உட்கார்ந்திருப்பதே பெரிய விஷயம், கொஞ்சமாவது நன்றி வேண்டாமா என்று கேட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

“எம் பொண்ணுக்கு ஒரு பேரு கீதும்மா. நான் வெச்ச பேரு. அத்த சொல்லிக் கூப்புடச் சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்.”

போகவில்லை. அறையை விட்டு வெளியே வந்து மகளுடைய வகுப்பு ஜன்னலோரம் நின்றுகொண்டார். காவலாளி வந்தார், ஆயா வந்தார், கடைசியில் தாளாளரே வந்தார். அக்கா நகரவில்லை. முதல் மணி முடிந்து இரண்டாவது மணியும் அடித்தது. உள்ளே ஆசிரியைக்கு வியர்த்துவிட்டது. வருகைப் பதிவேட்டை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். மகளுடைய பெயர் வந்தது. முழுப் பெயர். கடைசி பெஞ்சிலிருந்து ‘ப்ரெசென்ட் மிஸ்’ என்று கேட்டது. அதைக் கேட்டதும் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்று மயிலாப்பூரில் ஏதோ பெரிய வீட்டு நிச்சயதார்த்தம், தாமதமாகப் போனதால் அரை நாள் கூலி போயிற்று.

அந்த மாத அறிக்கையில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘பெற்றோருக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் இடையே சுமுகமான கலந்துரையாடல் நடைபெற்றது.’ ஆங்கிலத்தில் இன்னும் அழகாக இருக்கும். ஒரு குழந்தை தன் பெயரைத் திரும்ப வாங்கிய கதையை ஒரே வரியில் கொன்றேன். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று இயக்குநர் பாராட்டினார்.

இனி சொல்லப்போவது நான் செய்த காரியம்.

அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். நல்லவர். வெள்ளைக்காரர்கள் எல்லோரையும் போல முதலில் செருப்பைக் கழற்றினார், தரையில் உட்கார்ந்தார், குழந்தைகளின் பெயரைக் கேட்டுத் தப்பாகச் சொல்லிச் சிரித்தார். அவர் வருவதற்குப் பத்து நாள் முன்னால்தான் அதிகாரிகள் வந்து ஆற்றங்கரை வீடுகளின் கதவுகளில் பெயிண்டால் எண் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எண் போட்டால் இடிப்பார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதவுகள் வழியாக அம்மையாரைக் கூட்டிப் போக வேண்டாம் என்று முடிவு செய்து, சுற்றுவழியில் மையத்துக்கு அழைத்து வந்திருந்தோம்.

அம்மாக்களோடு பேச வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். இரண்டு பேர் நாங்கள் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்கள். அக்காவை நாங்கள் கூப்பிடவில்லை, அவராகவே எழுந்தார். பக்கத்தில் அவருடைய பெரிய மகள், பத்தாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி. அக்கா என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“இந்தம்மாகிட்ட சொல்லு மிஸ்ஸு. சென்டர் கட்டிக் குடுத்தாங்க, சரி. வெளிய ஆபீசருங்க வந்து வூட்டு மேல நம்பர் போட்டுக்கினு போறாங்க. பரீட்சைக்கு முன்னாடி தூக்கிடுவாங்களாம். இவங்க பேசுனா கவர்மென்ட்ல காது குடுப்பாங்க. பசங்க பரீட்சை முடியிற வரைக்கும் கை வைக்காதீங்கன்னு ஒரு வார்த்த கேக்கச் சொல்லு. அது முடியாதுன்னா, செவுத்துல எழுதிக்கிற உரிமைய அழிச்சிட்டுப் போவச் சொல்லு.”

நான் வாயைத் திறக்கும் முன் இயக்குநரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். முந்தைய நாளே சொல்லியிருந்தார்: நாம கல்விக்கான அமைப்பு, வீடு நம்ம மேண்டேட் இல்ல, இந்தப் பேச்சை எடுத்தா அடுத்த வருஷம் நமக்கு வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதியே இருக்காது. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. இந்த மையத்துக்காக இந்தத் தாய் மிகவும் நன்றியுள்ளவராக இருக்கிறார், பிள்ளைகளின் தேர்வை நினைத்துக் கவலைப்படுகிறார், உங்கள் ஆதரவு தொடர வேண்டும் என்று வேண்டுகிறார். இதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அம்மையாரின் கண் கலங்கியது. எழுந்து வந்து அக்காவின் வெளுத்த விரல்களைத் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டார். அக்கா அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான் சொன்னது அவ்ளோ நீளம். நீ சொன்னது இவ்ளோதானா?”

“இங்கிலீஷ்ல சுருக்கமாத்தான்க்கா வரும்” என்றேன்.

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மார்கழியில் இடிக்க வந்தார்கள். மண்டபத்தில் வேலை இல்லாததால் அக்கா வீட்டில் இருந்தார். பெரியவள் அரையாண்டுத் தேர்வுக்குப் போயிருந்தாள், அன்று கணக்குப் பரீட்சை. எட்டரைக்கு வீட்டிலிருந்து கிளம்பிப் போனவளுக்குத் திரும்பி வர வீடு இல்லை. பத்து மணிக்கு இயந்திரம் வந்தது. சாமான்களை ஏற்ற லாரிகள் நின்றன. பெரும்பாக்கத்துப் பக்கம் அடுக்குமாடியில் வீடு ஒதுக்கியாயிற்று, ஏறுங்கள் என்றார்கள். அக்கா சாமான்களையும் சின்னவளையும் பக்கத்து வீட்டுக்காரர்களோடு அனுப்பிவிட்டு, தன் வீடு இருந்த இடத்தில் நின்றார். அதிகாரி ஒருவர் கத்தினார். பொண்ணு பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள், வந்து தேடுவாள், அவள் வரும் வரை நகர மாட்டேன் என்று அக்கா சொன்னார். அதையே எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணவில்லை.

செய்தி கேட்டு ஓடி வந்திருந்த நான் இயக்குநரைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். அவர் முதலில் கேட்டது, நம்முடைய அடையாள அட்டை உன் கழுத்தில் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். கழற்று என்றார். கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன்.

அவமானம் அதோடு முடியவில்லை. எங்கள் மையத்தையும் இடிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டுப் பெயர் பதித்த கட்டடம் என்பதால் அதிகாரிகள் கோபாலபுரத்துக்குப் போன் செய்தார்கள். இயக்குநர் உடனே காரில் வந்தார். கம்ப்யூட்டர்களையும் பெயர்ப் பலகையையும் எடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டார். கொடுத்தார்கள். மரியாதையாகக் கொடுத்தார்கள், நாற்காலிகூடப் போட்டார்கள். அவகாசம் என்று ஒன்றைக் கேட்டு வாங்க எங்களால் முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாலு கம்ப்யூட்டருக்காகக் கேட்டோம். நாற்பது வீட்டுப் பிள்ளைகளின் பரீட்சைக்காகக் கேட்கவில்லை.

ஒன்றரை மணிக்குப் பெரியவள் வந்தாள். கையில் கேள்வித்தாள். அம்மாவைப் பார்த்தாள், அம்மா நின்ற இடத்தைப் பார்த்தாள். அழவில்லை. அக்கா அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், எல்லாக் கணக்கும் போட்டாயா என்று. பெரியவள் தலையாட்டினாள். இரண்டு பேரும் கடைசி லாரியில் ஏறினார்கள்.

சின்னவளின் இடம் அதோடு போயிற்று. வீட்டிலிருந்து பள்ளி அவ்வளவு தூரம் ஆனபின் ஏழு வயதுக் குழந்தையை எப்படி அனுப்புவது? பெரியவளை மட்டும் அக்கா விடவில்லை. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது பள்ளியை மாற்றினால் எல்லாம் போய்விடும். காலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் பஸ் ஏறுவார்கள். சைதாப்பேட்டை வந்து சேர ஒன்றரை மணி நேரம், நெரிசலில் இரண்டு. உட்கார இடம் கிடைத்த அன்று மகளை உட்கார வைத்துப் புத்தகத்தைப் பிரிக்கச் சொல்வார். கிடைக்காத அன்று இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். பள்ளி விட்டதும் பெரியவள் நடந்தே தியாகராய நகர் மண்டபத்துக்குப் போவாள். பின்கட்டில் கவிழ்த்து வைத்த அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து, அம்மா வேலை முடிக்கும் வரை கணக்குப் போடுவாள். தை மாத முகூர்த்தங்கள். நாதஸ்வரமும் மேளமும் சுவருக்கு அந்தப் பக்கம். நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். ஒரு டார்ச் விளக்கு வாங்கிக் கொடுத்தேன். அக்கா வாங்கி, எரிகிறதா என்று பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார். அவ்வளவுதான்.

பெரியவள் தேறினாள். மதிப்பெண் குறைந்துபோயிற்று, கணக்கில் இன்னும் அதிகமாக. பதினொன்றாம் வகுப்பில் அவள் கேட்ட பிரிவு கிடைக்கவில்லை. பெரும்பாக்கத்துப் பக்கமே ஒரு பள்ளியில் கிடைத்த பிரிவில் சேர்ந்தாள்.

இந்தப் பெண்ணைத்தான் எங்கள் நிறுவனம் வெற்றிக் கதை ஆக்கியது. ஆண்டு மலரின் முதல் பக்கத்தில் பெரியவளின் படம், முன்பு மையத்தில் சிரித்துக்கொண்டு எடுத்தது. பக்கத்தில் அக்காவின் படம், பெயரோடு. கீழே அக்கா சொன்னதாக, ‘என் மகளின் எதிர்காலத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்தீர்கள். உங்களுக்கு நான் என்றும் நன்றிக்கடன் பட்டவள்.’ எழுதியது நான். ஆற்றங்கரைத் திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது என்று கடைசிப் பக்கத்தில் போட்டோம். நிறைவடைந்ததாம். பிள்ளைகளே அங்கே இல்லை, நிறைவடையாமல் என்ன செய்யும்? மலரின் பிரதிகளைப் பயனாளிகளுக்கும் அனுப்பிவைக்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. அனுப்பினோம்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா கோபாலபுரம் வந்தார், பெரியவளோடு. இயக்குநர் கல்வி உரிமை பற்றிய மாநாட்டுக்காக வெளிநாடு போயிருந்தார். அக்கா என் மேசைமேல் மலரைப் பிரித்து வைத்துத் தன் படத்துக்குக் கீழே விரலை வைத்தார்.

“தமிழ்ல படிச்சிச் சொல்லு.”

படித்துச் சொன்னேன்.

“இத்த நான் சொன்னனா?”

“இல்லக்கா.”

“யாரு எழுதுனது?”

“நான்தான்க்கா.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பெரியவள்தான் மெல்லிய குரலில் பேசினாள். அந்த அம்மையார் வந்த அன்று நான் ‘தேங்க்ஃபுல்’ என்று சொன்னதாகவும், அந்த வார்த்தை தனக்குத் தெரியும் என்றும், அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். அப்போதே தெரிந்திருந்தும் ஏன் என்னைக் கேட்கவில்லை என்று அக்காவிடம் கேட்டேன்.

“நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன்” என்றார் அக்கா. “அந்தம்மாவுக்கு இப்ப எழுது. அன்னிக்கி நான் சொன்னத எழுது. அப்புறம் இன்னா நடந்துச்சோ அத்தயும் எழுது.”

எழுதினேன். அலுவலகத்தில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா நாற்காலியில் உட்காராமல் நிற்க, கம்ப்யூட்டரில் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் பெரியவள் என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். ‘ரிக்வெஸ்ட்’ வேண்டாம் மிஸ், அம்மா வேண்டிக்கொள்ளவில்லை, கேட்கிறார்கள், ‘ஆஸ்க்’ போடுங்கள் என்றாள். மாற்றினேன். வீடுகளுக்கு எண் போட்டது, நாங்கள் சுற்றுவழியில் கூட்டிப் போனது, அக்கா கேட்ட கேள்வி, நான் மாற்றிச் சொன்னது, கணக்குப் பரீட்சை அன்று இடித்தது, கம்ப்யூட்டருக்கு வாங்கிய ஒரு மணி நேரம், சின்னவளின் பறிபோன இடம், மலரில் நான் எழுதிய பொய் எல்லாம் வந்தது. கடைசியில் அக்காவின் கேள்வி: பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அப்புறப்படுத்தும்போது வாயைத் திறக்காதவர்கள் படிப்புக்கு உதவுகிறோம் என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள்? அதற்குக் கீழே அக்கா சொன்னபடி என் பெயரையும் போட்டேன். அனுப்பினேன்.

அனுப்பியதும் அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து முகத்தைப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. நான் சொன்ன பொய்யை நானே திருத்தியதற்கு எனக்கு நன்றி வேண்டியிருந்தது. அக்கா மலரில் தன் படம் இருந்த பக்கத்தை மட்டும் கிழித்து மடித்து எடுத்துக்கொண்டார். மீதியை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. அதற்குள் இயக்குநர் திரும்பி வந்து, எனக்கு மூன்று நாள் முகம் கொடுக்காமல் இருந்து, நாலாம் நாள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று சொல்லிவிட்டிருந்தார். யார் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டாய் தெரியுமா என்று கேட்டார். தெரியும் சார் என்றேன். அவர் சோறும் என் சோறும் யார் பெயரைச் சொல்லி வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் அக்கா இல்லை.

பதிலை அச்செடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் போனேன். காலை ஏழு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் இருப்பேன், அங்கே வா என்று அக்கா சொல்லியிருந்தார். சுற்றிலும் ஒரே மாதிரி அடுக்குமாடிகள், எட்டு மாடி உயரத்துக்குத் துணி காய்ந்துகொண்டிருந்தது. நிறுத்தத்தில் சீருடையில் ஐம்பது அறுபது பிள்ளைகள் நின்றிருந்தார்கள். இங்கே இருக்கிற பள்ளியில் இடம் போதாமல், நகரத்துக்குள் இன்னும் பழைய பள்ளிகளுக்கே போய் வருகிற பிள்ளைகள். அக்கா அவர்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார், அதே முழுக்கைச் சட்டை.

கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொன்னார். இந்தத் தடவை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். தங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி, தங்கள் கடிதம் உரிய நடவடிக்கைக்காக உள்ளூர் நிறுவனத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்க்கா.”

உரிய நடவடிக்கை என்றால் என்ன என்று கேட்டார். என்னை வேலையை விட்டு அனுப்பியது என்றேன். அக்கா சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பையிலிருந்து இட்லிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் பிரித்துக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் பஸ் வந்தது.

பிள்ளைகள் கையைக் காட்டினார்கள். பஸ் வேகம் குறையாமல் நிறுத்தத்தைத் தாண்டிப் போய், ஐந்நூறு அடி தள்ளி நின்றது. பெரியவர்கள் சிலர் ஓடிப்போய் ஏறினார்கள். பிள்ளைகள் புத்தகப் பையோடு ஓடிச் சேர்வதற்குள் கிளம்பிவிட்டது. ஒரு சின்னப் பெண் குப்புற விழுந்து எழுந்தாள். முழங்காலில் ரத்தம். தினமும் இதுதான் என்று அக்கா சொன்னார். இலவசப் பாஸ் பிள்ளைகள், ஓசி டிக்கெட், நிறுத்தினால் வண்டி நிரம்பிவிடும். முதல் மணிக்குப் போய்ச் சேராததற்குப் பள்ளியில் வெளியே நிற்க வைக்கிறார்கள். நாலு தடவை பணிமனைக்குப் போய்ச் சொல்லியாயிற்று, சொல்வதைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்த பஸ் வளைவில் திரும்பியபோது அக்கா சாலையில் இறங்கினார். கையைக்கூட நீட்டவில்லை. நடுவில் போய் நின்றார். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததில் வண்டி அலறிக்கொண்டு வந்து அவருக்கு நாலடி முன்னால் நின்றது. ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “சாவுகிராக்கி, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?” என்றார். அதற்கு மேலும் சொன்னார். அக்கா பிள்ளைகளைப் பார்த்து ஏறுங்கள் என்பதுபோலத் தலையை அசைத்தார். முழங்காலில் ரத்தத்தோடு அந்தச் சின்னப் பெண் முதலில் ஏறினாள். கடைசிப் பிள்ளை படியில் கால் வைத்து உள்ளே போகும் வரை அக்கா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு ஓரமாக வந்தார். பஸ் போயிற்று. இன்னும் முப்பது பிள்ளைகள் மீதி இருந்தார்கள்.

“அடுத்தது பத்து நிமிசத்துல வரும்” என்றார் என்னிடம். “அந்த டிரைவரு கில்லாடி, சந்து கெடச்சா அந்தாண்ட வளைச்சிக்கினு போயிடுவான். நீ அந்தப் பக்கம் நில்லு.”

இட்லியை மடித்துக் கைப்பையில் வைத்தேன். பஸ் வளைவில் திரும்பும்போதே ஹாரனை அழுத்த ஆரம்பித்துவிட்டது. அக்கா முதலில் இறங்கினார். அவருக்கு இடப்பக்கமாகக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நான் போய் நின்றேன். ஹாரன் நிற்கவே இல்லை. பஸ் நின்றது.